கோபுரத்தில் கிடந்த குறிப்பேடு

பாஸ்டன் நகரின் பழைய தெற்குத் தேவாலயத்தில், 1816ஆம் ஆண்டு, கோபுர அறையில் குவிந்து கிடந்த நூல்களுக்கிடையே ஒரு கையெழுத்துக் குறிப்பேடு அகப்பட்டது. 1630இல் மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் ஆளுநராகக் கடல் கடந்து வந்த ஜான் வின்த்ராப் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் மூன்றாம் பகுதி அது. 1644 முதல் 1649இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு வரையிலான செய்திகள் அதில் இருந்தன. முதலிரு பகுதிகளும் குடும்பத்தார் வழியாக வெளிவந்து 1790இலேயே ஹார்ட்ஃபர்டு நகரில் அச்சேறிவிட்டன. மூன்றாம் பகுதி மட்டும் அப்பதிப்பில் இடம்பெறவில்லை.

அந்த மூன்றாம் பகுதியில் 1645 ஏப்ரல் மாதத்துப் பதிவு ஒன்று உண்டு. கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸ் தம் மனைவி ஆன் என்பாரைப் பாஸ்டனுக்கு அழைத்து வருகிறார். அப்பெண்மணி சில ஆண்டுகளாக அறிவு தடுமாறியிருக்கிறார். ஓயாது படிப்பதும் எழுதுவதுமாக இருந்ததே அந்நிலைக்குக் காரணம் என்பது வின்த்ராப்பின் துணிபு. அவர் பல நூல்கள் எழுதியவர் என்றும், அன்பு மிக்க கணவர் கடிந்து தடுக்காமல் விட்டுவிட்டார் என்றும், வீட்டு வேலையைக் கவனித்துப் பெண்ணுக்குரிய எல்லையில் நின்றிருந்தால் அறிவு நிலைத்திருக்கும் என்றும் ஆளுநர் எழுதிச் செல்கிறார். யேல் என்னும் வணிகரான அவருடைய உடன்பிறந்தாரிடம் அவரை விட்டு மருத்துவம் பார்த்தும் பயனில்லாமற் போயிற்று என்று பதிவு முடிகிறது.

அந்த ஆன் எழுதிய நூல்களில் ஒன்றும் இன்று கைக்கு எட்டவில்லை. அவை கவிதைகளா, உரைநடையா, சமயச் சிந்தனைகளா என்பதும் தெரியாது. அவர் எழுதினார் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று, எழுதியது தவறு என்று கூறிய ஒருவரின் குறிப்பேடு. அக்குறிப்பேடும் நெடுங்காலம் கோபுரத்தில் கிடந்து, தற்செயலாகக் கைக்கு வந்தது. குடும்பச் சுவடிகளின் வரலாற்றை ஆராய்பவர் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது. எஞ்சி நிற்கும் ஏட்டுக்குள்தான் எஞ்சாத ஏடுகளின் நிழலையும் தேட வேண்டியிருக்கிறது.

ஆன் ஹாப்கின்ஸின் உடன்பிறந்தார் டேவிட் யேலுக்கு, நான்கு ஆண்டுகள் கழித்து, 1649இல் பாஸ்டனில் ஒரு மகன் பிறந்தான். எலைஹூ யேல் என்னும் அந்த மகனே பின்னாளில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். அவரைப் பற்றிய பேச்சு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

புது இங்கிலாந்து எனப்படும் அந்த வடகிழக்குக் கரையில் பதினேழாம் நூற்றாண்டில் குடியேறிய பியூரிட்டன் தலைக்குடும்பங்கள் ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் பின்னிக் கிடந்தன. வின்த்ராப்பின் மகள் மேரியை மணந்தவர் சாமுவேல் டட்லி. வின்த்ராப்புக்கு அரசியலில் துணையாகவும் எதிராகவும் நின்ற தாமஸ் டட்லியின் மகன் அவர். அதே தாமஸ் டட்லியின் மகள்தான் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். அவர் கணவர் சைமன் பிராட்ஸ்ட்ரீட் பிற்காலத்தில் ஆளுநரானார். தாமஸ் டட்லியின் முதுமைக் காலத்து மகன் ஜோசஃப் டட்லியும் ஆளுநரானார். அவருடைய மகள் ரெபேக்காவை நீதிபதி சாமுவேல் சூவலின் மகன் மணந்தார். சமய குருமாரின் வழியும் இவ்வாறே. ஜான் காட்டன் இறந்தபின் அவருடைய மனைவியை ரிச்சர்ட் மேதர் மறுமணம் செய்தார். ரிச்சர்டின் மகன் இங்கிரீஸ் மேதர், மாற்றாந்தாய்க்கு முதற் கணவரிடம் பிறந்த மரியா காட்டனை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு இரு பாட்டன்மாரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்துக் காட்டன் மேதர் என்று பெயரிட்டனர். காட்டன் மேதரின் மகன் சாமுவேல், பின்னாளில் ஆளுநராகிய தாமஸ் ஹட்சின்சனின் தங்கை ஹன்னாவை மணந்தார். ஹட்சின்சனின் மனைவியும் ஆண்ட்ரூ ஆலிவரின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அடுத்த தலைமுறையில் ஹட்சின்சனின் மகள் இன்னோர் ஆலிவரை மணந்தாள்.

இந்த உறவுமுறைப் பட்டியல் வாசகரைச் சற்றுக் களைப்படையச் செய்யலாம். ஆனால் சுவடிகள் நிலைத்தமைக்குரிய காரணத்தின் பெரும்பகுதி இப்பட்டியலில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் எழுதப்பட்ட கடிதம் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் தங்கும். மருமகன் கொண்டு போன படி, மாமனார் வீடு எரிந்தபோது பிழைத்திருக்கும். ஒரு குடும்பத்தின் கிளை அற்றுப் போனால் அதன் பெட்டிகள் பெண் வழியாக வேறொரு குடும்பத்தைச் சேரும். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு தொகுதியும் ஓட்டை நிறைந்தது. சேர்த்து நோக்கும்போது, ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் கிடைக்கிறது.

அவர்கள் தாள்களை ஏன் காத்தார்கள்? வருங்கால வரலாற்றுக்காக என்று சொல்வது அழகாக இருக்கும். ஆனால் முழு உண்மையாகாது. நிலமும் வழக்கும் முதற்காரணங்கள். 1717இல் வெய்ட் வின்த்ராப் உயில் எழுதாமல் இறந்தார். கனெக்டிகட் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. மகன் ஜான் வின்த்ராப் அதை ஏற்கவில்லை. தங்கை ஆனும் அவர் கணவர் தாமஸ் லெச்மியரும் பங்கு கேட்டு நின்றனர். வழக்கு லண்டன் அரசவை ஆலோசனைக் குழு வரை சென்றது. 1728இல், கனெக்டிகட்டின் பங்கீட்டுச் சட்டமே செல்லாது என்றும் நிலம் முழுவதும் மகனுக்கே உரியது என்றும் தீர்ப்பாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பத்திரங்களுக்கு இத்தகைய சூழலில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நிலத்துக்காகக் காத்த பெட்டியிலேயே கணவன் மனைவிக்கு எழுதிய மடல்களும் கிடந்தன. முதல் ஜான் வின்த்ராப்பும் அவர் மனைவி மார்கரெட்டும் ஒருவருக்கொருவர் எழுதிய அன்பு மிக்க கடிதங்கள் இன்று கிடைப்பது இப்படித்தான். பத்திரத்தின் நிழலில் கவிதை பிழைத்தது எனலாம்.

கவிதையென்று சொன்னதும் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டிடம் செல்ல வேண்டும். 1612இல் இங்கிலாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கடல் கடந்து, எட்டு மக்களைப் பெற்று வளர்த்துக்கொண்டே எழுதியவர் அவர். அவருடைய தங்கை மெர்சியின் கணவர் ஜான் உட்பிரிட்ஜ், கவிதைகளின் கையெழுத்துப் படியை லண்டனுக்குக் கொண்டு சென்று 1650இல் அச்சிட்டார். கவிஞரின் இசைவு பெறாமலே அச்சிட்டதாக உட்பிரிட்ஜ் முன்னுரையில் கூறுகிறார். அச்சுப் பிழைகளோடு வந்த அந்நூலைக் கண்ட ஆன், ஒழுங்காக உடுத்தாமல் ஊர்நடுவே இழுத்து வரப்பட்ட பிள்ளையாக அதை உருவகித்து ஒரு கவிதை எழுதினார். தாயின் நாணமும் ஆசிரியரின் சினமும் கலந்த கவிதை அது. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. ஆன் ஹாப்கின்ஸின் நூல்கள் மறைந்தன. ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் நூல் நின்றது. இருவரும் ஒரே காலத்தவர், ஆளும் குலத்தைச் சேர்ந்தவர், ஒரே சமயத்தைப் பின்பற்றியவர். ஒருவருக்குக் கையெழுத்துப் படியைக் கடல் கடத்தி அச்சுக்குத் தரும் தங்கை கணவர் வாய்த்தார். மற்றவருக்கு அத்தகையவர் வாய்த்ததாகத் தெரியவில்லை. திறமையின் வேறுபாடு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. உறவின் வேறுபாடு கண்முன் நிற்கிறது.

1666 ஜூலை 10ஆம் நாள் இரவு ஆண்டோவரில் இருந்த பிராட்ஸ்ட்ரீட் இல்லம் தீக்கிரையாயிற்று. பண்டை அரசுகளைப் பற்றி ஆன் எழுதிவந்த நெடும்பாடலின் தொடர்ச்சி அதில் அழிந்தது. அதற்குப் பிறகு அவர் அப்பாடலை மேற்கொள்ளவில்லை. ஆயினும் எரிந்த வீட்டைப் பற்றியே அவர் எழுதிய கவிதை இன்று அமெரிக்கக் கவிதைத் தொகுப்புகளில் தவறாது இடம்பெறுகிறது. அது பிழைத்த விதம் வியப்புக்குரியது. உதிரித் தாள் ஒன்றில் எழுதப்பட்டிருந்த அதனை அவர் மகன் சைமன், தாய் தமக்கென்று எழுதித் தந்த சிறு குறிப்பேட்டில் படியெடுத்து வைத்தார். உதிரித் தாளிலிருந்து எடுத்தது என்பதையும் மறவாமல் குறித்தார். அந்தக் குறிப்பேட்டில் தாயின் கையெழுத்தும் மகனின் கையெழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. குடும்பத்தார் கைகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்த அதன் உள்ளடக்கம் 1867இல்தான் முழுமையாக அச்சாயிற்று. இன்று கற்போர் விரும்பிப் பயில்வது 1650இல் அச்சான நீண்ட, புலமை மிக்க செய்யுட்களையன்று. தனக்கும் தன் பிள்ளைகளுக்குமாக எழுதி, அச்சை எதிர்பாராமல் விட்ட சிறு கவிதைகளையே. உட்பிரிட்ஜ் அவரைப் புலவராக்கினார் என்றால், கவிஞராக நிலைநிறுத்தியது அந்த மகனின் பொறுமையான கை.

குடும்பம் காத்தவற்றைக் கூட்டம் அழித்த கதையும் உண்டு. தாமஸ் ஹட்சின்சன், சமயக் கருத்து வேற்றுமைக்காக 1638இல் நாடு கடத்தப்பட்ட ஆன் ஹட்சின்சனின் வழியில் வந்தவர். ஆட்சிப் பொறுப்போடு வரலாறு எழுதும் ஆர்வமும் உடையவர். மாசச்சூசெட்ஸ் வரலாற்றின் முதல் தொகுதியை 1764இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு முத்திரைத்தாள் வரிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த கலவரத்தில், 1765 ஆகஸ்ட் 26 இரவு, பாஸ்டனில் இருந்த அவருடைய வீட்டுக்குள் கூட்டம் புகுந்தது. சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தது. வெள்ளிக் கலங்களையும் பணத்தையும் எடுத்துச் சென்றது. இரண்டாம் தொகுதியின் கையெழுத்துப் படியும், முப்பது ஆண்டுகளாக அவர் திரட்டிய பழைய ஆவணங்களும் தெருவில் வீசப்பட்டன. ஆண்ட்ரூ எலியட் என்னும் சமய குரு, சேற்றில் மிதிபட்டுக் கிடந்த தாள்களைப் பொறுக்கிச் சேர்த்தார். இரண்டாம் தொகுதி 1767இல் வெளிவந்ததற்கு அவரே காரணம். சேற்றுக் கறை படிந்த அந்த ஏடுகள் மாசச்சூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன.

கறைபடிந்த தாள்கள் பிழைத்த அந்த வீட்டுக்காரருக்குக் கடிதங்களே பின்னர் வினையாயின. அவரும் ஆண்ட்ரூ ஆலிவரும் லண்டனிலிருந்த தாமஸ் வேட்லி என்பவருக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதங்கள், வேட்லி இறந்தபின், பெஞ்சமின் பிராங்க்ளின் கைக்கு வந்து பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டன. 1773இல் அவை அச்சாகிப் பரவின. அவரைப் பதவியிலிருந்து நீக்குமாறு மன்றம் அரசருக்கு விண்ணப்பித்தது. 1774இல் இங்கிலாந்து சென்ற அவர் திரும்பி வரவில்லை. 1780இல் அங்கேயே இறந்தார். மில்ட்டனில் இருந்த இல்லத்தில் அவர் விட்டுச் சென்ற கடிதப் படியேடுகளை 1775இல் விடுதலைப் போராளிகள் கண்டெடுத்து, நாளிதழ்களில் பகுதி பகுதியாக வெளியிட்டனர். ஒருவரைக் குற்றவாளியாக்கக் கைப்பற்றிய ஏடுகள் என்பதனாலேயே அவை அரசுக் காவலில் அழியாமல் நின்றன. வரலாற்றின் மூன்றாம் தொகுதி 1828இல் லண்டனில் வெளிவந்தது. அவர் நாட்குறிப்பையும் கடிதங்களையும் கொள்ளுப்பேரன் ஒருவர் 1880களில் பதிப்பித்தார். ஆக ஒரே மனிதரின் எழுத்து கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடக்கிறது. தோற்ற பக்கத்தாரின் சுவடிகளுக்கு இது இயல்பாக நேர்வது. வென்றவர்களின் பெட்டி ஊரிலேயே தங்கும். தோற்றவரின் பெட்டி அவரோடு புலம்பெயரும், அல்லது பகைவர் கையில் சிக்கும்.

அதே போர்க்காலத்தில்தான் பழைய தெற்குத் தேவாலயத்தை ஆங்கிலப் படையினர் குதிரைப் பயிற்சிக் கூடமாக்கினர். 1758இல் இறந்த அத்தேவாலயத்துக் குரு தாமஸ் பிரின்ஸ், குடியேற்றக் காலச் சுவடிகளை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தவர். அத்தொகுதியைத் தேவாலயத்துக்கு விட்டுச் சென்றார். அவற்றுள் ஒன்று, பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் எழுதிய வரலாறு. 1728இல் பிராட்ஃபர்ட்டின் பேரப்பிள்ளைகளுள் ஒருவரிடமிருந்து பிரின்ஸ் அதனைப் பெற்றார். போருக்குப் பின் அது காணாமற் போயிற்று. 1855இல், லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அது இருப்பது தெரியவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டுகோள்களும் சட்ட நடைமுறைகளும் நடந்து, 1897இல் பாஸ்டனுக்குத் திரும்பியது. பிராட்ஃபர்ட்டின் கடிதப் படியேடு இன்னும் தாழ்ந்த நிலையில் கிடைத்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒரு மளிகைக்கடையில் அது அகப்பட்டபோது முதல் 338 பக்கங்கள் போய்விட்டிருந்தன. கடைக்காரர் எத்தனை பொட்டலம் மடித்தாரோ!

இத்தகைய இழப்புகளைக் கண்டு வருந்திய ஜெரமி பெல்க்னாப் என்னும் குருவும் நண்பர்கள் சிலரும் 1791இல் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அந்நாட்டில் அவ்வகையில் முதல் அமைப்பு அதுவே. சிப்பியைப் போல ஒரே இடத்தில் வாய் திறந்து கிடந்தால் எதுவும் வந்து சேராது, ஓநாயைப் போல அலைந்து தேட வேண்டும் என்பது பெல்க்னாப்பின் கருத்து. குருவானவருக்கு ஓநாய் உவமை பொருந்துமா என்று நகைத்தாலும், தொகுப்பாளர்க்குரிய குணத்தை அதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது. அவருடைய இன்னொரு கொள்கை இதனினும் முதன்மையானது. பூட்டி வைப்பதால் சுவடி காக்கப்படாது, படிகளைப் பெருக்குவதே காப்பு என்று கருதிய கழகத்தார் தொடக்கத்திலிருந்தே கிடைத்தவற்றை அச்சிட்டனர். ஹாலிஃபாக்ஸில் கிடைத்த கடிதப் படியேடும் 1794இல் அச்சேறியது.

இக்கொள்கையின் உண்மை 1825 நவம்பரில் கண்கூடாயிற்று. கோபுரத்தில் கிடைத்த மூன்றாம் குறிப்பேட்டையும் சேர்த்து வின்த்ராப் நாட்குறிப்பைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் சாவேஜ். வின்த்ராப்பின் கையெழுத்து படிப்போரைக் கலங்கச் செய்வது. எழுத்தைச் செவ்வையாகப் படிக்கவேண்டிச் சாவேஜ் மூலத்தையே தம் அலுவலகத்தில் வைத்திருந்தார். அக்கட்டடம் தீப்பற்றியது, இரண்டாம் குறிப்பேடு எரிந்தது. ஆன் ஹட்சின்சனின் விசாரணையும் தண்டனையும் பதிவான பகுதி அது. கடலையும் குடும்பப் பிரிவுகளையும் புரட்சியையும் கடந்து வந்த ஏடு, அதன்மீது உலகிலேயே மிகுந்த அன்பு கொண்டிருந்த மனிதரின் மேசையில் அழிந்தது. சாவேஜ் எடுத்து முடித்திருந்த படி மட்டும் நின்றது. ஆகவே 1636 முதல் 1644 வரையிலான நிகழ்ச்சிகளுக்கு இன்று உலகம் நம்பியிருப்பது சாவேஜின் கண்களை. 1996இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட செம்பதிப்பும் அப்பகுதிக்கு அவரையே சார்ந்தது. அதன் பதிப்பாசிரியர் மூவருள் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தது முறையான செயல்.

மேதர் குடும்பத்து நூலகம் வேறு வழியாக நின்றது. இங்கிரீஸ், காட்டன், சாமுவேல் என மூன்று தலைமுறையினர் சேர்த்த நூல்களிலும் கையெழுத்துகளிலும் எஞ்சியவற்றை, சாமுவேலின் மகள் ஹன்னா மேதர் கிராக்கர் வைத்திருந்தார். உஸ்டர் நகரில் 1812இல் அமெரிக்கத் தொல்பொருளறிஞர் கழகத்தை நிறுவிய அச்சாளர் ஐசையா தாமஸ், 1814இல் அவரிடமிருந்து அவற்றை வாங்கினார். மேதர் வழியும் ஹட்சின்சன் வழியும் ஒருங்கே கலந்த அப்பெண்மணி வெறும் காப்பாளர் அல்லர். 1818இல் பெண்ணுரிமை பற்றி நூல் வெளியிட்டவர். தம் பாட்டனாரின் தாள்களுக்குப் பாதுகாப்பான இடம் தேடித் தந்த அவர், பாஸ்டன் நகரின் நினைவுகளையும் செவிவழிச் செய்திகளையும் தொகுத்து எழுதிவைத்த கையெழுத்து நூல் 2011இல்தான் அச்சேறியது. அவர் மறைந்தது 1829இல். பாட்டனாரின் நாட்குறிப்பு அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, 1911 முதல் 1912 வரை, பெருந்தொகுதிகளாக வெளிவந்துவிட்டது.

காட்டன் மேதரின் எழுத்துகளில் தமிழரின் கருத்தைக் கவரும் ஒரு செய்தி உண்டு. தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட செய்தி, ஹாலே, லண்டன் நகர்களின் வழியே பாஸ்டனுக்கு எட்டியது. 1717இன் இறுதியில் மேதர் சீகன்பால்குக்கு ஒரு மடல் எழுதினார். 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்துவிட்டார். மடல் சென்று சேர்ந்தபோது அதற்கு மறுமொழி எழுதியவர் அவருடைய தோழர் கிரண்ட்லர். அவரும் 1720இல் மறைந்தார். இந்தக் கடிதப் போக்குவரத்தை மேதர் 1721இல் பாஸ்டனில் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். எழுதியவர் ஒருவர், பெற வேண்டியவர் இறந்தவர், மறுமொழி தந்தவர் மறைந்துகொண்டிருந்தவர். உலகின் இரு கோடிகளுக்கிடையே நடந்த அந்த உரையாடலைக் காத்தது, தமக்கு வந்த எந்தத் தாளையும் வீணாக்காத மேதரின் பழக்கம்.

அதே 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. அம்மைப்பாலை ஆரோக்கியமானவர் உடலில் ஏற்றி நோயைத் தடுக்கும் முறையை மேதர் பரிந்துரைத்தார். மருத்துவர் சாப்டியல் பாய்ல்ஸ்டன் செய்து காட்டினார். அம்முறையை மேதருக்குச் சொன்னவர் அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். 1706இல் சபையார் மேதருக்கு அவரைக் கொடையாக அளித்தனர். தம் நாட்டில் தமக்கே அவ்வாறு செய்யப்பட்டதென்று அவர் கூறியதை மேதர் 1716இல் லண்டன் அரசுக் கழகத்துக்கு எழுதினார். ஒனிசிமஸ் என்பது மேதர் இட்ட பெயர். அம்மனிதரின் இயற்பெயரை மேதரின் தாள்கள் கூறவில்லை. ஆட்சிக் குடும்பங்களின் சுவடிகளைக் கொண்டாடும்போது இதனை மறைத்தல் ஆகாது. அந்த வீடுகளில் உழைத்தவர்களுக்குப் பெட்டி இல்லை, பூட்டும் இல்லை. உடைமைப் பட்டியலிலும் உயிலிலும் நாட்குறிப்பின் ஓரத்திலும்தான் அவர்களைத் தேட முடியும். எனவே அச்சுவடிகளைக் காப்பது ஆண்டவர்களின் புகழைக் காப்பதாக மட்டும் முடிவதில்லை. அவற்றை எரித்தால் முதலில் மறைபவர்கள் வேறு எங்கும் பதிவாகாத இவர்களே.

பாய்ல்ஸ்டனின் உடன்பிறந்தார் பேத்தியின் மகன் என்று பிழையாகச் சிலர் மயங்குவதுண்டு. சரியான முறை, ஜான் ஆடம்ஸின் தாய் சூசன்னா அம்மருத்துவரின் உடன்பிறந்தார் மகள். ஆடம்ஸின் மனைவி அபிகேல், குயின்சி குலத்துத் தாயின் மகள். கணவனும் மனைவியும் பிரிந்திருந்த காலங்களில் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல். தம் கடிதங்களை எரித்துவிடுமாறு அபிகேல் ஒருமுறைக்கு மேல் கேட்டுக்கொண்டார், கணவர் கேட்கவில்லை. இந்த ஒரு சொல் தவறாமையால் அல்ல, தவறியதால் உலகம் பயனுற்றது. ஆயினும் பேரன் சார்லஸ் பிரான்சிஸ் 1840இல் பாட்டியின் கடிதங்களை வெளியிட்டபோது எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். உடல்நலம் பற்றிய செய்திகள் பலவற்றை நீக்கினார். அன்பினால் செய்த அழிவு அது. மூலத்தை அவர் எரிக்காமல் விட்டதால் பின்வந்த பதிப்பாளர் நீக்கியவற்றை மீட்டனர். அவரே 1870இல் குயின்சி இல்லத் தோட்டத்தில், தந்தை ஜான் குயின்சி ஆடம்ஸின் விருப்பப்படி, தீப்பிடிக்காத கல் நூலகம் ஒன்றைக் கட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாள்கள் வரலாற்றுக் கழகத்தின் கட்டடத்துக்குச் சென்றன. ஆனால் உரிமை செல்லவில்லை. 1905இல் குடும்பத்தார் ஐம்பதாண்டு அறக்கட்டளை ஒன்றை அமைத்துத் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அக்காலம் முடிந்தபின் 1956இல்தான் அனைத்தும் கழகத்துக்கு உடைமையாயின. 608 சுருள் நுண்படம் எடுக்கப்பட்டது. 1961 முதல் அச்சுத் தொகுதிகள் வரத் தொடங்கின.

குடும்பம் அரை நூற்றாண்டு கதவடைத்தது சரியா? அக்காலத்து ஆய்வாளர் சினந்ததில் நியாயம் உண்டு. ஆனால் தனித்தனியாக விற்றிருந்தால் கையெழுத்து சேகரிப்போர் ஒவ்வொரு தாளையும் ஒவ்வோர் ஊருக்குக் கொண்டு போயிருப்பர். சேர்த்து வைத்த பிடிவாதத்துக்கு நன்றியும், மூடி வைத்த பிடிவாதத்துக்கு வருத்தமும் ஒருங்கே உரியவை.

இறுதியாக ஒரு கவிஞர். எட்வர்ட் டெய்லர் 1668இல் இங்கிலாந்திலிருந்து வந்து, ஹார்வர்டு கல்லூரியில் சாமுவேல் சூவலோடு ஒரே அறையில் தங்கிப் பயின்று, வெஸ்ட்ஃபீல்டு என்னும் எல்லைப்புற ஊரில் குருவாக வாழ்ந்தவர். திருவிருந்து நாள்களுக்கு முன் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தியானக் கவிதைகளை எழுதினார். எவரிடமும் அச்சுக்குத் தரவில்லை. அவர் விட்டுச் சென்ற நூல்களின் பட்டியலில் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதை நூல் இருந்தது. 1729இல் அவர் இறந்தபோது, தம் எழுத்தை வாரிசுகள் வெளியிடலாகாது என்று கூறிச் சென்றதாகக் குடும்ப வழக்கு. ஏறத்தாழ நானூறு பக்கக் கையெழுத்து நூல், மகள் கெசையாவின் பிள்ளை எஸ்ரா ஸ்டைல்ஸிடம் வந்தது. ஸ்டைல்ஸ் 1778 முதல் நியூ ஹேவன் கல்லூரியின் தலைவராக இருந்தவர். பாட்டனாரின் சொல்லை அவரும் மீறவில்லை. சுவடியை எரிக்கவும் இல்லை. 1883இல் வழித்தோன்றல் ஒருவர் அதை அக்கல்லூரி நூலகத்துக்கு அளித்தார். அங்கும் எவரும் பிரித்துப் பார்க்காமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1937இல் தாமஸ் ஜான்சன் என்னும் ஆய்வாளர் அதைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1939இல் கவிதைகள் நூலாயின. இன்று குடியேற்றக் கால அமெரிக்கக் கவிஞருள் பிராட்ஸ்ட்ரீட்டையும் டெய்லரையுமே முதலில் சொல்கின்றனர்.

அக்கல்லூரிக்கு யேல் என்னும் பெயர் வந்தது 1718இல். காட்டன் மேதரின் கடிதமும் ஜெரமையா டம்மரின் முயற்சியும் சேர்ந்து தூண்ட, லண்டனில் வாழ்ந்த எலைஹூ யேல் 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும், மஸ்லின், காலிகோ முதலிய துணிகள் அடங்கிய ஒன்பது சிப்பங்களும் அனுப்பினார். துணிகள் 562 பவுனுக்கு மேல் விலை போயின. அச்செல்வம் சென்னையில் கம்பெனி வாணிகத்திலும் தம் சொந்த வாணிகத்திலும் அவர் ஈட்டியது. அடிமைகளைக் கப்பலேற்றிய வாணிகத்திலும் அவர் ஆட்சிக்குப் பங்கு உண்டு. டெய்லரின் கவிதைகளைக் காத்த நூலகம் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எழுதியதற்காக அறிவிழந்தவர் என்று வின்த்ராப் குறித்த ஆன் ஹாப்கின்ஸ், அந்த எலைஹூவின் அத்தை. அவர் எழுதிய நூல்களுள் ஒன்றுகூட அந்த நூலகத்தில் இல்லை.